மூக்கில் குழாயோடு வீடு திரும்புகிறவர்கள்



வாயால் சாப்பிட முடியாமல் போனவருக்கு வீட்டில் வைத்துக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். உங்கள் தெருவை ஒரு முறை மனத்துக்குள் நடந்து பாருங்கள். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் படுத்திருக்கும் பெரியவர் ஒரு வீட்டில் இருப்பார். வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கதிர்வீச்சுக்குப் போய்வரும் தகப்பன் இன்னொரு வீட்டில் இருப்பார். இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு நினைவு திரும்பாத இளைஞன், பார்க்கின்சன் நோய் முற்றிய பாட்டி என்று எண்ணிக்கொண்டே போகலாம். மருத்துவமனையில் இவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மனைவி பார்த்துக்கொள்கிறாள், மருமகள் பார்த்துக்கொள்கிறாள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திய பேத்தி பார்த்துக்கொள்கிறாள். இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியைத்தான் இன்று திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்.

முதலில் இந்தக் குழாயின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயம் தெளிய அது உதவும்.

1790-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்குத் தொண்டைத் தசைகள் செயலிழந்துவிட்டன. திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையும் தகடு ஒன்றின் மீது விலாங்கு மீனின் தோலைக் குழாய்போலப் போர்த்தி, அதைத் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறக்கி, அதன் வழியே உணவு கொடுத்தார் ஹன்டர். பிளாஸ்டிக்கும் ரப்பரும் கைக்கு வராத காலத்தில் ஒரு மனிதனைப் பட்டினி போடக்கூடாது என்ற தவிப்பில் மீன் தோலைத் தேடிப் போயிருக்கிறார்.

தொண்ணூறு வருடம் கழித்தும் நிலைமை பெரிதாகத் தேறிவிடவில்லை. 1881-இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். 79 நாள் உயிரோடு கிடந்தார். வாயால் கொடுத்தது தங்காமல் போகவே, அந்நாட்டின் பெரிய மருத்துவர்கள் அவருக்கு ஆசனவாய் வழியாக இறைச்சிச் சாறும் முட்டையும் செலுத்தினார்கள். பெருங்குடல் அவற்றைச் செரித்து உறிஞ்சும் உறுப்பே இல்லை. அதிபர் கண் முன்னாலேயே எலும்பும் தோலுமாக இளைத்து இறந்துபோனார். ஒரு நாட்டின் தலைவருக்கே அன்று கிடைக்காத வசதி இன்று நம் ஊர் மருந்துக் கடையில் ஒரு பாலித்தீன் உறைக்குள் தொங்குகிறது.

நாம் 'ரைல்ஸ் டியூப்' என்கிறோமே, அந்தப் பெயர் லண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் ஜான் ஆல்ஃபிரட் ரைலிடமிருந்து வந்தது. 1921-இல் அவர் அதை அமைத்தது வயிற்றிலுள்ள அமிலத்தை வெளியே எடுத்துச் சோதிப்பதற்காக. எடுப்பதற்கென்று செய்த குழாய், கொடுப்பதற்கான குழாயாகிவிட்டது. பிறகு 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற இரண்டு மருத்துவர்கள், சில மாதமே ஆன ஒரு குழந்தைக்கு வயிற்றைப் பெரிதாக வெட்டித் திறக்காமல், எண்டோஸ்கோப்பின் துணையோடு சிறு துளை மட்டும் போட்டு இரைப்பைக்குள் நேராகக் குழாய் வைத்தார்கள். அதுதான் இன்று 'பெக்' என்று சொல்லப்படுகிறது.

குழாயின் கதை இவ்வளவுதான். இனி அந்தக் குழாய் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும் நாளுக்கு வருவோம்.

டிஸ்சார்ஜ் நாள் எப்படி இருக்கும்? பில் கட்டும் இடத்தில் மகன் நிற்கிறான். ஆம்புலன்ஸ்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார். கையில் ஒரு மருந்துச் சீட்டு, ஒரு 50 மில்லி சிரிஞ்சு. "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை 200 மில்லி கொடுங்கம்மா, கஞ்சி, பால், ஜூஸ், எதுனாலும் தண்ணியா கொடுங்க" என்று அவசரத்தில் ஒரு குரல் சொல்லிவிட்டுப் போகிறது. அந்தச் செவிலியை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வார்டையே அவள் தனியாகப் பார்க்கிறாள். ஆனால் வீட்டுக்கு வந்த அந்த மருமகள், ராத்திரி முதல் வேளைக்குச் சிரிஞ்சைக் கையில் எடுக்கும்போது விரல் நடுங்குகிறதே, அதற்கு யார் பொறுப்பு? தவறாகக் கொடுத்தால் செத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே அவள் கொடுக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்தக் குரல் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "தண்ணியா கொடுங்க." குழாய் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொன்னது. வீட்டில் அது எப்படி மாறுகிறது தெரியுமா? கஞ்சியை வடித்து, அந்த வடிநீரை இன்னொரு முறை வடித்து, வெள்ளைத் தண்ணீராக்கிக் கொடுக்கிறார்கள். அடுத்த வேளை பருப்பு வேகவைத்த தண்ணீர், அதற்கடுத்த வேளை இளநீர், சாயங்காலம் சாத்துக்குடிச் சாறு. ஒரு வேளை தவறாமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மாதம் ஒன்று போகிறது. அம்மாவின் கன்னம் ஒட்டிவிட்டது, முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. "நேரத்துக்குக் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம், ஏன் இப்படி ஆயிட்டாங்க?" என்று அழுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,250 முதல் 1,500 கலோரி வேண்டும். புரதம் 50 முதல் 60 கிராம் வேண்டும். ஒரு வேளைக் கஞ்சியில் 15 கிராம் அரிசி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிடைப்பது ஐம்பது கலோரியை ஒட்டி, புரதம் ஒரு கிராம். ஆறு வேளை கொடுத்தால் 300 கலோரி, 6 கிராம் புரதம். வடித்து ஊற்றிவிட்டால் அதுவும் இல்லை. தேவையில் கால் பங்குகூட வயிற்றுக்குப் போகவில்லை! ஆறு வேளையும் கொடுத்தும் அந்த வீட்டில் ஒரு உயிர் பட்டினி கிடக்கிறது. பாசத்துக்குக் குறைவில்லை, உழைப்புக்குக் குறைவில்லை, சொல்லிக் கொடுக்க ஆள்தான் இல்லை.

அப்படியானால் என்ன கொடுப்பது? விலை உயர்ந்த டப்பா மாவுதான் வேண்டுமா? கட்டுப்படியானால் கொடுக்கலாம், அளவு தெரிந்து கலக்க அது வசதி. கட்டுப்படியாகாதவர்கள் கலங்க வேண்டாம், நம் அடுப்படியே போதும். ஒரு நாளைக்குப் பால் 600 மில்லி, வேகவைத்த முட்டை மூன்று, பாசிப்பருப்பு 50 கிராம், அரிசி அல்லது கேழ்வரகு மாவு 100 கிராம், எண்ணெய் நாலு டீஸ்பூன். கூட்டிப் பாருங்கள். கலோரி 1,300 அளவுக்கு வருகிறது, புரதம் ஐம்பத்தைந்து கிராமைத் தொடுகிறது. பருப்பைக் குழைய வேகவைத்து, முட்டையோடு மிக்சியில் மை போல அரைத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறு வேளைக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு வேளையும் 250 மில்லிக்குள் அடங்கும். முட்டையைப் பச்சையாக ஊற்றாதீர்கள், வேகவைத்தே சேருங்கள். முட்டை ஆகாத வீட்டில் பருப்பையும் பாலையும் கூட்டிக்கொள்ளலாம். எண்ணெய் என்றதும் பலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். படுத்திருப்பவருக்கு எண்ணெயா என்று கேட்கிறீர்கள். கஞ்சியின் அளவைக் கூட்டாமல் தெம்பைக் கூட்ட எண்ணெயைப் போல எளிதில் கிடைப்பது வேறில்லை.

கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் களிபோல இறுகிவிடுமே, குழாயில் எப்படிப் போகும்? இதற்கு நம் பாட்டிமார் கைவசம் ஒரு வழி இருந்தது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவு. தானியம் முளைக்கும்போது அதற்குள் அமைலேஸ் என்ற நொதி பிறக்கிறது, அது மாவுச் சத்தை உடைத்து இளக்கும். கஞ்சியை இறக்கி, கொதி அடங்கிச் சூடு சற்றுத் தணிந்ததும் அந்த மாவில் ஒரு டீஸ்பூன் கலந்து கிளறுங்கள். உங்கள் கண்ணெதிரிலேயே கெட்டிக் கஞ்சி இளகி ஓடும். சில நிமிடம் விட்டு மறுபடி ஒரு கொதி விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி தண்ணீரானது, சத்து அப்படியே இருக்கிறது.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவுகள் மாறும். அவரவர் மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கேட்டே ஆகவேண்டும். பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர், பசித்துக் கிடந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு விழுந்ததால் இறந்துபோனார்கள். இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்குவதால் வரும் ஆபத்து அது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

சரி, கஞ்சி தயார். இனிக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு நான் போனபோது மருமகள் மாமியாருக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுச் சுவரில், கட்டிலுக்கு மேலே தினசரி காலண்டர். காலண்டர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக '58' என்று எழுதியிருந்தது. என்னம்மா இது என்றேன். "மூக்கு நுனியில டியூப்புல உள்ள நம்பர் அக்கா. தினமும் பார்த்துக்குவேன். கூடக் குறைய இருந்தா கொடுக்க மாட்டேன்" என்றாள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள், முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. "அத்தை, சாப்பாடு தர்றேன், ரசஞ்சாதத்தை அரைச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு சிரிஞ்சைச் சொருகினாள். முதலில் 30 மில்லி வெந்நீர் ஆறவைத்தது. அப்புறம் சாப்பாடு. தண்டை வைத்து அழுத்தவே இல்லை. ஒரு சாண் உயரத்தில் பிடித்திருந்தாள், அது தானாக இறங்கியது. சிரிஞ்சு காலியாவதற்குள் அடுத்ததை ஊற்றினாள், காற்று போகவிடவில்லை. முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர். குழாயை மடக்கி மூடியைப் போட்டாள். "இன்னும் ஒரு மணி நேரம் அத்தையைப் படுக்க வைக்க மாட்டேன்" என்றாள்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பயிற்சி தந்த ஒரு செவிலி, டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரண்டு நாளும் ஒவ்வொரு வேளையும் அவளையே கொடுக்க வைத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இவ்வளவுதான் வித்தியாசம்! படிப்பு இல்லை, பணம் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்த ஒருத்தி இருந்தாள்.

தலைமாட்டை ஏன் உயர்த்த வேண்டும்? படுத்த நிலையில் கொடுத்தால் வயிற்றில் போனது மேலேறித் தொண்டைக்கு வந்து, மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். நிமோனியா வரும். குழாய் போட்டவர்களின் உயிருக்கு முதல் எதிரி அதுதான். ஆகவே 30 முதல் 45 பாகை வரை தலையும் நெஞ்சும் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். கொடுக்கும்போது இருமல் வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு இரைத்தால், அந்த நொடியே நிறுத்துங்கள். மிச்சத்தையும் கொடுத்துவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்து சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதை நம்பக்கூடாது என்று இங்கிலாந்தில் 2005-லேயே எச்சரிக்கை விட்டுவிட்டார்கள். நுரையீரலில் குழாய் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கக்கூடும். குழாயிலிருந்து சிறிது திரவத்தை உறிஞ்சி எடுத்து பி.எச். தாளில் வைத்தால் 5.5-க்குக் கீழே காட்ட வேண்டும், அது வயிற்று அமிலம். ஐயம் தீரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தாளில் அளவு ஏறிக் காட்டலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். குழாய் பாதி வெளியே வந்துவிட்டதா? நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள். ஒரு வேளை சாப்பாடு தவறினால் உயிர் போய்விடாது. இடம் மாறிய குழாயில் ஊற்றிய ஒரு வேளை உயிரைக் கொண்டுபோய்விடும்.

மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இடித்துக் கஞ்சியோடு கலந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நடுவில் தண்ணீர் விட்டுக் கொடுங்கள். பெயரின் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று எழுத்து இருந்தால் அது மெல்ல மெல்லக் கரைவதற்கென்று செய்த மாத்திரை, அதை இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் இரத்தத்தில் கலந்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் மருந்து குழாய் உணவோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது, இடைவெளி விட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து மெதுவாக உள்ளும் வெளியும் இழுத்துப் பாருங்கள். கம்பியை விடாதீர்கள், குழாய் கிழிந்துவிடும்.

வாய். இதைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். வாயால் சாப்பிடவில்லையே, வாயை எதற்குத் துலக்குவது என்று விட்டுவிடுகிறார்கள். நாக்கில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் படலம், உதடு வெடித்து, பல்லிடுக்கில் காய்ந்த சளி. அந்த வாயில் வளரும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகிறது. காலையும் இரவும் மெல்லிய பிரஷ்ஷால் துலக்கி, ஈரத் துணியால் துடைத்து, உதட்டில் சிறிது எண்ணெய் தடவுங்கள். மூக்கில் ஒட்டிய பிளாஸ்டரையும் தினமும் மாற்றுங்கள், ஒரே பக்கம் அழுந்தி அழுந்தி மூக்கு மடல் புண்ணாகிவிடும்.

இனி ஒரு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குழாய் போட்ட நாளிலேயே மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "டாக்டர், இதை எப்ப எடுப்பீங்க?" ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன்? பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் சிரமம் வரும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது திரும்பிவிடும். விழுங்கும் திறன் திரும்பி வந்தது, ஆனால் பரிசோதிக்க யாரும் இல்லை. குழாய் மூக்கிலேயே இருக்கிறது. மாதக் கணக்கில் இருக்கிறது! ஒரு வாய் காபி குடிக்கக்கூடியவர் ஒரு சொட்டு ருசி தெரியாமல் படுத்திருக்கிறார். பேச்சு, விழுங்கல் பயிற்சிக்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் விழுங்கலாம், எந்தக் கெட்டியில் கொடுத்தால் புரையேறாது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. அவர்களிடம் அழைத்துப் போங்கள். நீங்களாகச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றிவிடாதீர்கள்.

நாலு வாரத்துக்கு மேல் குழாய் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் வயிற்றுக் குழாயைப் பற்றி மருத்துவர் பேசுவார். "வயித்துல ஓட்டையா?" என்று குடும்பமே எழுந்து நிற்கும். மூக்குக் குழாய் முகத்தில் தொங்குவதைவிட, சட்டைக்குள் மறையும் பெக் குழாய் எவ்வளவோ நிம்மதி. அதோடு வெளியே நடமாடலாம், தொண்டை உறுத்தாது, கையால் இழுத்துப் போடும் பயமும் குறைவு. அவசரப்பட்டும் போட வேண்டியதில்லை. பக்கவாத நோயாளிகளைப் பற்றி 2005-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, முதல் சில வாரங்களுக்கு மூக்குக் குழாயே போதும் என்றுதான் காட்டியது. பெக் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். சுத்தமான துணியை வைத்து மூடிக்கொண்டு, பிடுங்கிய குழாயையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பெரியோர்களே, இனிச் சொல்லப் போவது கடினமானது. சொல்லாமல் போனால் நான் பாதிதான் பேசியவளாவேன்.

எல்லோருக்கும் குழாய் வேண்டுமா? வேண்டாம். மறதி நோய் முற்றிப்போய், யாரையும் அடையாளம் தெரியாமல், சோற்றை வாயில் வைத்தாலும் விழுங்க மறந்துபோன முதியவருக்குக் குழாய் போடுவதால் ஆயுள் கூடுவதில்லை, நிமோனியா குறைவதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் இதை வெளிப்படையாகவே சொன்னது, குழாய்க்குப் பதில் பொறுமையாகக் கையால் ஊட்டச் சொன்னது. நம் வீடுகளில் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று முதியவரின் கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளைகள் பாசத்தினால் கட்டிய கட்டு அது. யாரும் அவர்களிடம் வேறு வழி உண்டென்று சொல்லவில்லை.

புற்றுநோய் முற்றிக் கடைசி நாட்களில் இருப்பவருக்குப் பசி அடங்கிவிடும். சாகிறவரின் உடம்பு சாப்பாடு கேட்பதில்லை. ஆனால் நமக்கு மனம் கேட்பதில்லை. "பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்னு ஊர் பேசுமே" என்று மகன் அழுகிறான். தம்பி, அப்பா சாப்பிடாததால் சாகவில்லை, சாகப் போவதால் சாப்பிடவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மருத்துவமனையில் யாருக்காவது பத்து நிமிடம் நேரம் இருந்திருந்தால், எத்தனையோ பேர் கடைசி வாரத்தில் மூக்கில் குழாய் இல்லாமல் போயிருப்பார்கள். ஈரப் பஞ்சால் உதட்டை நனையுங்கள். வாயில் பால் விட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், நினைவில்லாதவர் வாயில் சங்கு சங்காக ஊற்றாமல், விரல் நுனியில் தொட்டு உதட்டிலும் நாவிலும் தடவுங்கள். உங்கள் கடமையும் குறையாது, அவருக்கும் புரையேறாது.

தெளிவாக இருக்கும்போதே, எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. குடும்பத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பேச்சே எடுக்கக் கூடாத அமங்கலம் என்று ஒதுக்காதீர்கள்.

பார்த்துக்கொள்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு வேளை சாப்பாடு என்றால் அதிகாலையில் ஒன்று, ராத்திரி பத்துக்கு மேல் ஒன்று. நடுவில் அரைப்பது, வடிகட்டுவது, சிரிஞ்சைக் கழுவுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி துவைப்பது. அவள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினாள் என்று வீட்டு ஆண்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஒரு வேளையை நீங்கள் கொடுங்கள் அண்ணன்மார்களே. கைக்கு அரை மணி நேரத்தில் பழகிவிடும். ராத்திரி வேளையை எடுத்துக்கொண்டால் அவளுக்கு ஒரு தூக்கம் முழுதாகக் கிடைக்கும்.

பக்கத்து மாநிலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண, தணிப்புப் பராமரிப்புச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். பிறகு தெருவிலிருக்கும் சாதாரண மனிதர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2008-இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது மட்டும் அந்தத் திட்டத்தின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கே வந்து தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் தருவதும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், எங்கள் வீட்டில் குழாய் போட்ட ஆள் இருக்கிறார், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். கேட்டுப் பெற வேண்டிய உதவி அது.

மருத்துவமனை நடத்துகிறவர்களிடமும் இங்கிருந்தே கேட்கிறேன். குழாய் போட்டு அனுப்பும் ஒவ்வொரு நோயாளியின் வீட்டாரையும், குறைந்தது நாலு வேளையாவது அவர்கள் கையாலேயே கொடுக்க வைத்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் குழாயின் அளவு, மூக்கருகே உள்ள எண், போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி, ராத்திரி ஐயம் வந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண், இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் குழாயை ஓரிரு வாரத்தில் மாற்ற வேண்டும், சிலிக்கோன் குழாய் நாலு முதல் ஆறு வாரம் வரை தாங்கும். எதைப் போட்டோம் என்று வீட்டாருக்குச் சொல்லாமல் அனுப்பினால் எப்போது மாற்றுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் பேசி முடித்ததும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். மேடைக்கு இடப்புறம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். பயிற்சிப் பொம்மை ஒன்றுக்குக் குழாய் போட்டு வைத்திருக்கிறோம். சிரிஞ்சு இருக்கிறது, அரைத்து வடிகட்டிய கஞ்சி இருக்கிறது, முளைகட்டிய மாவும் இருக்கிறது. செவிலியர் தங்கைகள் நாலு பேர் அங்கே நிற்பார்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் முதலில் வாருங்கள், நாற்காலி பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆண்களும் வரிசையில் நில்லுங்கள். சிரிஞ்சை ஒவ்வொருவரும் கையில் பிடித்து, ஒரு வேளையை முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். ஐயம் எதுவானாலும் அங்கேயே கேளுங்கள், பதில் சொல்ல நான் கடைசி ஆள் வரும்வரை இருக்கிறேன்.